மறுகூறப்பட்ட பழங்கதைகளும் தொடக்கநிலைக் கணிதமும்: ஓர் அரிசிமணிக் கதையை முன்வைத்து

கணிதத்தைக் கதைவழிக் கற்பிக்கும் முயற்சி புதிதன்று. ஆயினும், எண்கள் இடம்பெறுவதனால் மட்டும் ஒரு கதை கணிதக்கதை ஆகிவிடாது. எண்ணை நீக்கினால் கதையே நில்லாது என்னும் அளவிற்கு இரண்டும் பிணைந்திருத்தல் வேண்டும். டெமி எழுதி ஓவியம் தீட்டிய 'ஒன் கிரெய்ன் ஆஃப் ரைஸ்' (1997) என்னும் படநூலைக் கொண்டு இக்கருத்தை நாம் விளக்க முற்படுகிறோம்.

சதுரங்கத்தைக் கண்டறிந்தவர் அரசனிடம் பரிசு கேட்ட பழங்கதையோடு நெருங்கிய உறவுடையது இந்நூல். அப்பழங்கதையில் 64 கட்டங்கள். முதற்கட்டத்திற்கு ஒரு தானியமணி, அடுத்தடுத்த கட்டங்களுக்கு முந்தையதன் இருமடங்கு. டெமியின் கதையிலோ பரிசு கேட்பவள் ராணி என்னும் பெயருடைய சிற்றூர்ச் சிறுமி. பஞ்சகாலத்திலும் களஞ்சியத்தைத் திறவாத அரசனிடம், முதல் நாள் ஓர் அரிசிமணியும், பின்னர் நாள்தோறும் இருமடங்குமாக, 30 நாள்களுக்கு வேண்டுகிறாள். 64 என்பது 30 ஆகக் குறைந்தமையால், 20 இலக்க மொத்தம் 10 இலக்கமாகச் சுருங்கி, மாணவர்க்கு எட்டும் எண்ணாகிறது.

இக்கதையை வகுப்பில் வாசிக்கும் ஆசிரியர் மூன்றாம் நாளில் சற்று நிறுத்துதல் நன்று. இரண்டாம் நாளில் ஒன்றைக் கூட்டினாலும் இருமடங்காக்கினாலும் விடை 2 ஆகவே அமையும். மாணவர் எதைப் புரிந்துகொண்டனர் என்பது அங்குப் புலப்படாது. மூன்றாம் நாளிலேதான் 3 என்போரும் 4 என்போரும் பிரிகின்றனர். முன்னவர் கணக்கில் 30ஆம் நாள் கிடைப்பவை 30 மணிகள். பின்னவர் கணக்கில் 536,870,912. வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரிடத்தும் இக்குழப்பம் மறைந்திருக்கக்கூடும்.

அடுத்து, முதல் மூன்று நாள்களின் கூட்டுத்தொகை 7. நான்காம் நாளின் பங்கு 8. ஒவ்வொரு நாளின் பங்கும் அதற்குமுன் பெற்ற அனைத்தையும்விட ஒன்று மிகுதி என்பதை மாணவர் தாமே கண்டறியலாம். அதன்வழி, 30 நாள்களின் மொத்தம் 1,073,741,823 என்பதையும் நெடுங்கூட்டலின்றிப் பெறலாம்.

படத்தின் பணியும் இங்குக் கருதத்தக்கது. 30ஆம் நாளுக்குரிய பக்கத்தின் மடிப்பை விரித்தால், அரிசி சுமந்துவரும் யானைகளின் நிரை காட்சியளிக்கிறது. ஒன்பது இலக்கங்களால் உணர்த்தவியலாத பருமையைக் கண் உணர்கிறது. எனவே, அப்பக்கத்தை விரிக்குமுன் மாணவரின் ஊகங்களைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதிவைத்தல் பயன் தரும்.

கதையின் முடிவில் அரிசி பசித்தோரைச் சென்றடைகிறது. இருமடங்கின் ஆற்றலை உணராமையால் அரசன் இணங்கினான். உணர்ந்தமையால் சிறுமி ஊரைக் காத்தாள். கணக்கு ஏன் கற்க வேண்டும் என்னும் வினாவிற்கு விடையாகவும் இம்முடிவு அமைகிறது. நம் பழங்கதைகளைக் கணிதத்திற்கென மறுகூற விழையும் தமிழாசிரியர்கள், கதையின் முடிவைக் கணக்கு தீர்மானிக்கிறதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும் என்பதே நம் கருத்து.