பரிசோதனையில் தேறிய கார் எல்லாம் நல்ல கார்தானா?

"வண்டி போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் பண்ணிச்சு. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க!" பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இந்த வாரக் கருத்துக்களத்தில் நாம் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதுதான்: பரிசோதனையில் தேறிவிட்டது என்றால் அந்தக் காரை நம்பி வாங்கலாமா?

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் தனியார் கார் ஒன்று பதிவான முதல் 3 ஆண்டுகளுக்குக் கட்டாயப் பரிசோதனை கிடையாது. 3 முதல் 10 ஆண்டு வரை, ஈராண்டுக்கு ஒரு முறை. 10 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகிய அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் இது நடக்கிறது. பரிசோதனையில் தேறாத காருக்குச் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வண்டி நின்றுவிடும், ஆனால் வங்கிக்குக் கட்டும் மாதத் தவணை நிற்காது. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்திற்கு இது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?

அந்தப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்? பிரேக், முன்விளக்கு, டயர், புகையின் அளவு, வண்டியின் அடிப்பாகம் போன்றவற்றைப் பார்க்கிறார்கள். அதாவது, 'இன்று இந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா' என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் கிடைக்கிறது. கியர் பெட்டி எத்தனை நாள் தாங்கும், விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியா, மீட்டரில் காட்டும் தூரம் உண்மையா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரை வயதுக் கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. அது 3, 5, 7 ஆகிய வயதுகளில் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். அப்படியானால் கடைசிச் சான்று ஒன்றரை ஆண்டு பழையது. நீங்கள் வாங்கிய ஆறாவது மாதமே அடுத்த பரிசோதனை வந்து நிற்கும். அப்போது வரும் செலவு யாருடையது? உங்களுடையது!

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று, பழைய பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். தேறியதா என்பதோடு நிற்காமல், முதல் முறையே தேறியதா, மறுபரிசோதனைக்குப் போனதா, எந்தப் பாகத்தால் என்று பாருங்கள். ஒரே குறை இரண்டு முறை வந்திருந்தால் அது எச்சரிக்கை மணி.

இரண்டு, சர்வீஸ் செய்த ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஓடிய தூரம் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் குறைந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்று, உரிமையாளரைச் சிங்பாஸ் வழி ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் நுழைந்து வாகன விவரங்களைக் காட்டச் சொல்லுங்கள். முதல் பதிவுத் தேதி, எத்தனை கை மாறியது, சிஓஇ முடியும் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ என்றால் அதை மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

நான்கு, வாங்குமுன் நீங்களே ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து வண்டியை முழுமையாக மதிப்பீடு செய்யுங்கள். விக்கோம், எஸ்டிஏ போன்றவை கட்டணத்திற்கு இந்தச் சேவையை வழங்குகின்றன. 'அதெல்லாம் எதற்கு' என்று விற்பவர் தட்டிக் கழித்தால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஐந்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மதிப்பீட்டில் பெரிய குறை தெரிந்தால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்தால்? 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. ஆனால் வழக்கமான தேய்மானத்திற்கும், முன்கூட்டியே உங்களிடம் சொல்லப்பட்ட குறைக்கும் இது பொருந்தாது. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. 'நேரடி விற்பனை, விலை மலிவு' என்று துள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிறு கோரல்கள் நடுவர் மன்றத்தை 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நாடலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. அங்கே கைகொடுப்பவை நீங்கள் பத்திரப்படுத்திய அறிக்கையும் ரசீதும்தான்.

சிராங்கூன் சாலையில் ஒரு சங்கிலி வாங்கினாலும் 916 முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார் அது. நம் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப்போகும் கார். பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கக் கூச்சம் எதற்கு?