ரஜூலா கப்பலும் டெக்குப் பயணமும்



கப்பலில் நெடுந்தூரம் செல்வது இந்நாளில் ஓர் உல்லாசம். 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா பே உல்லாசக் கப்பல் முனையத்திலிருந்து விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களை நாம் பார்க்கிறோம். இன்னும் வசதி உள்ளவர்கள் தென்னமெரிக்கக் கண்டத்தையே கப்பலில் சுற்றி வருகிறார்கள். ரியோ டி ஜெனிரோவில் ஏறி, போனஸ் அயர்ஸில் இறங்கிப் பார்த்து, ஹார்ன் முனையைக் கடந்து, வால்பரைசோ வரையில் வாரக்கணக்கில் கடலிலேயே வாழ்கிறார்கள். வேளைக்கு விருந்து, மாலைக்கு இசை. அவர்களுக்குக் கப்பல் என்பது மிதக்கின்ற ஒரு ஹோட்டல்.

நம் பெரியவர்களும் இப்படிக் கடலில் வாழ்ந்தவர்களே. அவர்களுடைய கப்பலும் துறைமுகம் துறைமுகமாக நின்று நின்றுதான் வந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். அறையில்லை, கட்டிலில்லை, கப்பலின் தளத்திலே பாயை விரித்துக்கொண்டு வந்தார்கள். இதைத்தான் 'டெக்குப் பயணம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பயணம் எவ்வாறு நடந்தது, அதில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் கப்பல் என்றதும் முதலில் வருகின்ற பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டிலே கட்டப்பட்ட கப்பல் இது. 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே எந்தக் கம்பெனியுடன் போட்டியிட்டாரோ, அதே கம்பெனிதான். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூரை அடைவது ரஜூலாவின் வழக்கமான பாதை. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

ரஜூலாவின் நீளம் 150 மீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய கப்பலில், தொடக்க காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. நம் வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட பல கட்டடங்களில் வசிக்கும் மக்கள் அனைவரும் ஒரே கப்பலில் பாய் விரித்துப் படுத்தால் எப்படியிருக்கும்? ஒரு பயணிக்கு இத்தனை சதுர அடி என்று சட்டம் இருந்தது உண்மை. நடைமுறையில் அது ஒரு பாயின் அளவுதான். குறைந்த கட்டணத்தில் ஏழைகள் கடல் கடக்க முடிந்ததும், கம்பெனிக்குக் கட்டுபடியானதும் இந்த நெருக்கத்தினால்தான்.

இரண்டாம் உலகப் போரில் ரஜூலாவும் படைகளை ஏற்றிச் சென்றது. அதே 1926இல் பிறந்த அதன் சகோதரக் கப்பல் ரோனா, 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானியக் குண்டினால் தாக்கப்பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலா தப்பியது, போர் முடிந்தபின் மீண்டும் பழைய பாதைக்கே திரும்பியது.

இனிப் பயணத்திற்கு வருவோம். தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பலர் நாகப்பட்டினத்திலே ஏறினார்கள். அங்கே பெரிய கப்பல் கரையருகில் வருவதற்கு ஆழம் போதாது. ஆகவே கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் அவர்களுடைய தகரப் பெட்டிகளும் படகிலேதான் கப்பலருகே போகவேண்டும். அலையில் படகு ஏறும், இறங்கும். படகு மேலே வருகின்ற நொடியைப் பார்த்து, கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணியிலே காலை வைக்கவேண்டும். அதுவரையில் கடலையே கண்டிராத ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன் அந்த ஏணியில் ஏறியிருக்கிறாள் என்பதை நாம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

கப்பலுக்குள் போனதும் முதல் வேலை இடம் பிடிப்பது. எந்த இடம் நல்ல இடம்? இதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. கப்பல் முன்னும் பின்னுமாக ஆடுவதை ஏற்றப் பலகைக்கு ஒப்பிடலாம். ஏற்றப் பலகையின் இரு நுனிகளும் அதிகமாக ஏறி இறங்கும். நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. எனவே கப்பலின் நடுப்பகுதியில் பாய் விரித்தவர்களுக்கு ஆட்டம் குறைவு. முன்நுனியில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான் தொல்லை அதிகம்.

கடல் மயக்கம் வருவது ஏன்? நம் செவியின் உட்பகுதியில் வளைந்த மூன்று குழல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள திரவம் உடல் அசைவதை மூளைக்கு அறிவிக்கின்றது. டெக்கின் கீழ்த்தளத்திலே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குச் சுவரும் தூணும் அசையாமல் தெரிகின்றன. செவியோ அசைகிறோம் என்று சொல்கின்றது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படும்போது தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. மேல்தளத்திற்கு வந்து அடிவானத்தைப் பார்த்தால், கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லும்; மயக்கம் தணியும். இந்த விளக்கம் தெரியாவிட்டாலும் அனுபவத்தில் அறிந்த பழைய பயணிகள், "மேலே போய்க் காற்றாட நில்" என்றுதான் புதியவர்களுக்குச் சொன்னார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயும், மலாயாவிலிருந்து திரும்பியவர்களிடம் இருந்த கோடாலித் தைலமும் அவர்களுடைய மருந்துகள். இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலும், வங்கக் கடலில் புயல் எழும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் பயணம் செய்தவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல.

நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே 1,200 கடல் மைலுக்கு மேல் தொலைவு. மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் என்று வைத்தாலும் நான்கு இரவு, நான்கு பகல் ஆகிவிடும். அந்த நாட்களில் கரையே கண்ணில் படாத பொழுதுகள்தான் மிகுதி. நிக்கோபார் தீவுகளைக் கடப்பது ஒன்றே வழியிலுள்ள அடையாளம். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை இந்த மாநக்கவாரத்தையும் கடாரத்தையும் வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. சோழர் படை சென்ற கடலில்தான், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் பால்வெட்டப் போகிறவர்களும், துறைமுக வேலைக்குப் போகிறவர்களும், வட்டிக்கடைக் கணக்கர்களும் சென்றார்கள்.

கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? பொழுது விடியும் முன்பே தண்ணீருக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். நல்ல தண்ணீர் அளவாகத்தான் கிடைக்கும். குளிக்கவும் துவைக்கவும் கடல் நீர்தான். கடல் நீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கலந்திருப்பதால் சவர்க்காரம் நுரைக்காது. எத்தனை முறை குளித்தாலும் உடம்பில் பிசுபிசுப்புப் போகாது. சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டும் குவளையும் கையிலேந்தி வரிசையில் நிற்கவேண்டும். சோறும் குழம்பும் வாங்கிவந்து தத்தம் பாயிலே அமர்ந்து உண்பார்கள். கப்பல் சாப்பாடு பிடிக்காதவர்களுக்கு வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையும் முறுக்கும் இரண்டொரு நாள் கைகொடுக்கும். பகலெல்லாம் சீட்டாட்டம், பேச்சு, உறக்கம். மாலையில் காற்று வாங்க மேல்தளத்தில் கூட்டம். எங்காவது ஒரு மூலையில் பாட்டுக் கேட்கும்.

மற்றொரு புதுமையையும் பயணிகள் கண்டார்கள். ஒவ்வொரு நாளும் கப்பலின் கடிகாரத்தைச் சிறிது முன்னே தள்ளி வைப்பார்கள். கிழக்கே ஒரு பாகை நகர்ந்தால் சூரிய உதயம் நான்கு நிமிடம் முந்திவிடும். நாகையிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய இருபது பாகை. ஆகவே சூரியக் கணக்கில் ஒரு மணி இருபது நிமிட வேறுபாடு ஏற்படுகிறது. அரசாங்கக் கணக்கில் 1945க்கும் 1981க்கும் இடையே இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் இருந்தது. விமானத்தில் வருகிறவர் இந்த நேரத்தை ஒரேயடியாக இழக்கிறார். கப்பலில் வந்தவர் நாள்தோறும் சிறிது சிறிதாகப் புதிய நாட்டின் நேரத்துக்குப் பழகினார்.

நேரத்துக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் பழகினார். ஊரில் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்க முடியாத காலம் அது. டெக்கிலே பாய்க்குப் பக்கத்துப் பாய் யாருடையது என்று தேர்ந்தெடுக்க இயலாது. வாந்தியெடுக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தவரின் சாதியைக் கேட்க எவருக்கும் தெம்பில்லை. இதனால் வேற்றுமைகள் கடலோடு போயின என்று சொல்லிவிட முடியாது. கரையிறங்கியதும் பல திரும்பி வந்தன. ஆயினும் கப்பலில் உண்டான பழக்கம் சிலருக்கு வாழ்நாள் உறவாக நின்றது. "நாங்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள்" என்று சொல்லிக்கொண்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னே நின்ற குடும்பங்கள் உண்டு.

ஐந்தாம் ஆறாம் நாளில் பினாங்கு மலை தெரியும். சிலர் அங்கேயே இறங்கித் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆனால் டெக்குப் பயணிக்குக் கரை தெரிவது வேறு, கரையில் கால் வைப்பது வேறு. கப்பலில் அம்மையோ காலராவோ தோன்றினால், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ இறக்கித் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இவ்விரண்டு தீவுகளும் 1870களிலிருந்தே இந்த வேலைக்குப் பயன்பட்டவை. உடைகளைக் கழற்றி மருந்துப் புகை காட்டுவதும், கூட்டமாக நிறுத்திச் சோதிப்பதும் பலருடைய மனத்தில் ஆறாத வடுவாக இருந்தன. நோய் பரவாமல் தடுக்க அது தேவைதான். ஆனால் அறையில் வந்த பயணி பொதுவாகப் போக விடப்பட்டார். டெக்கில் வந்தவர்தான் தீவுக்குப் போனார். கிருமிக்குப் பயணச்சீட்டின் வகுப்பு தெரியாது, அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. இன்று செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு நாம் படகேறி விடுமுறையைக் கழிக்கப் போகிறோம். அங்கே நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

அதன்பின் போர்ட் சுவெட்டன்ஹாம், கடைசியில் சிங்கப்பூர். துறைமுகத்தில் உறவினர் காத்திருப்பார்கள். அங்கிருந்து பலர் நேரே போனது சிராங்கூன் சாலைக்குத்தான். தேக்காவிலே ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் படுக்க இடமும் வேலைக்கு வழியும் கிடைத்துவிடும்.

காலப்போக்கில் வருகை குறைந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடுத்தது. 1953இல் இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகியது. பின்னர் வந்தவர்களில் பலர் மனைவியர், பிள்ளைகள், ஊருக்குப் போய்த் திரும்புவோர். ரஜூலா 1973இல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது. 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய சிதம்பரம் என்ற கப்பல் அந்தப் பணியைத் தொடர்ந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றது. இன்று சென்னைக்கும் திருச்சிக்கும் விமானத்தில் ஏறக்குறைய நான்கே மணி நேரம்.

ரஜூலா ஓய்வு பெற்ற அதே 1973ஆம் ஆண்டில்தான் ஆங் மோ கியோவில் வீவக வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். துறைமுகக் குடியிருப்புகளிலும் கடற்படைத் தளத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய புதிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. ஆங் மோ கியோவின் கட்டடக் கீழ்த்தளங்களில் மாலை வேளையில் அமர்ந்திருக்கும் முதியவர்களில், ரஜூலாவில் பாய் விரித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கீழ்த்தளத்தையும் நாம் 'வாய்ட் டெக்' என்றுதான் அழைக்கிறோம். ரஜூலாவின் கடைசிப் பயணங்களில் இருபது வயதில் வந்தவருக்கே இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. 1950களில் கைக்குழந்தையோடு ஏணியில் ஏறிய தாய்மாரில் நம்மோடு இருப்பவர் மிகச் சிலர்.

கப்பலின் நீளமும் எடையும் ஆவணங்களில் இருக்கின்றன. டெக்கில் எந்த மூலையில் படுத்தார்கள், முதல் இரவில் யார் அழுதார்கள், யார் தேற்றினார்கள் என்பவை ஆவணங்களில் இல்லை. அவை அந்த முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. 1979இல் சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பணி தொடங்கப்பட்டு, பலருடைய குரல்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் வந்து பதிவு செய்ய இயலாது. அந்த வேலை நம்முடையது.

வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பார்ப்போம். அதில் பழைய கடப்பிதழ், அம்மை குத்திய சான்றிதழ், கப்பல் சீட்டு இருக்கலாம். பழைய தாள் என்று எறிந்துவிட வேண்டாம். தாத்தாவிடமும் பாட்டியிடமும் எந்த ஆண்டு வந்தீர்கள், எங்கே ஏறினீர்கள், பக்கத்துப் பாயில் யார் இருந்தார்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வோம், அல்லது ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைப்போம். இந்த வாரத்திலேயே தொடங்குவது நல்லது.