மூன்று நாடுகள், ஒரு பயணம்: செலவு கூடும் இடங்கள்

விடுமுறைக் காலம் நெருங்கும்போது வாடிக்கையாளர்கள் பலர் எம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "சுற்றுலா நிறுவனத்தின் துணையின்றி, சேமிப்பில் உள்ள பணத்தைக் கொண்டே குடும்பத்துடன் இரண்டு, மூன்று நாடுகளைப் பார்த்து வர இயலுமா?" இயலும் என்பதே எமது விடை. ஆயினும், டிக்கெட் விலைகளை மட்டும் கூட்டிப் பார்த்துத் திட்டமிடுவோர் இடைவழியில் திணறுகின்றனர். ஓர் ஊர்தியிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் இடங்களில்தான் பணம் மிகுதியாகக் கசிகிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

வழியை அமைத்தல்

சிங்கப்பூரில் விமானத்தில் இறங்கி, நிலவழியே வடக்கு நோக்கிச் சென்று, பாங்காக்கிலிருந்து தாயகம் திரும்புவது சிக்கனமான அமைப்பு. இறங்கிய ஊருக்கே மீண்டும் வரும் செலவும் நேரமும் இதனால் மிச்சமாகும்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ரயிலில் 5 நிமிடப் பயணம். இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். கட்டணம் 5 சிங்கப்பூர் டாலர். எதிர்த்திசையில் வருவோருக்கோ 5 ரிங்கிட். ஒரு சிங்கப்பூர் டாலரின் மதிப்பு 3 ரிங்கிட்டுக்கும் மேல். ஆகவே, விலைப் பட்டியலில் எண்ணை மட்டும் பாராமல் நாணயத்தையும் பார்த்து, ரூபாயில் கணக்கிடுவது நன்று. இவ்விரு ஊர்களையும் இணைக்கும் புதிய நகர ரயில் தடம் திறக்கப்பட்டபின் இச்சேவை நிறுத்தப்படும் என்பதால், புறப்படுமுன் உறுதி செய்துகொள்ளவும்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார விரைவு ரயிலில் ஏறத்தாழ 4 மணி நேரம். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை உள்ளது. வாடகைக் கார் தேவையில்லை. பெட்டியுடன் நடந்து சென்று படகேறினால், 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பினாங்கின் ஜார்ஜ் டவுனை மிகக் குறைந்த கட்டணத்தில் அடையலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு ரயில் உண்டு. இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் அந்நிலையத்திலேயே உள்ளன. அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஹாட்யாய் சென்று, இரவு ரயிலில் படுக்கை வசதியுடன் பாங்காக் செல்லலாம். ஓர் இரவின் அறை வாடகை மிச்சம். மேல் படுக்கைக்குக் கட்டணம் இன்னும் குறைவு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் தென் தாய்லாந்தில் பெருமழை பெய்யும். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. அக்காலத்தைத் தவிர்ப்பது நலம்.

நாங்கள் கற்ற பாடம்

நாங்கள் முதன்முறை குடும்பத்துடன் இவ்வழியை எதிர்த்திசையில் கடந்தோம். மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதை மறந்து, கைக்கடிகாரத்தை நம்பி பாடாங் பெசாரில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். கோலாலம்பூர் ரயில் எங்களை விட்டுப் புறப்பட்டுவிட்டது. புதிய டிக்கெட்டுகள், எல்லை ஊரில் ஓர் இரவு வாடகை, கோலாலம்பூரில் முன்பணம் செலுத்திய அறை என மூன்று இழப்புகள். மலிவு டிக்கெட்டால் மிச்சப்படுத்தியது அனைத்தும் அன்றே கரைந்தது.

தனித்தனியே வாங்கிய டிக்கெட்டுகளில் ஒன்று தவறினால், அடுத்ததன் பணத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. எனவே ரயிலுக்கும் படகுக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே அந்நகரை அடைந்துவிடுங்கள். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரு விமான நிலையங்கள் உள்ளன; டிக்கெட்டில் எது குறிப்பிடப்பட்டுள்ளது எனப் பாருங்கள். மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைக்கே அனுமதி. கூடுதல் சுமைக்கு முன்பதிவின்போதே பணம் செலுத்துவது விமான நிலையத்தில் செலுத்துவதைவிடக் குறைவாக இருக்கும்.

பணமும் அட்டையும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயக்கத்தில் இருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை மொபைல் செயலியில் நீங்களே இயக்கி, உச்சவரம்பும் அமைக்க வேண்டும். கடையில் "ரூபாயில் செலுத்துகிறீர்களா?" எனக் கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே அமையும். தாய்லாந்து ஏடிஎம்களில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் தனிக் கட்டணம் உண்டு. பலமுறை சிறு தொகை எடுப்பதைத் தவிர்க்கவும். இரு அட்டைகளை வெவ்வேறு பைகளில் வையுங்கள். ஓடிபி வரும் சிம் கார்டு வெளிநாட்டிலும் இயங்குமா என உறுதி செய்யுங்கள்.

இம்மூன்று நாடுகளும் வருகைப் படிவத்தை இணையவழியே கேட்கின்றன. அரசுத் தளங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அங்கே அட்டை எண்ணைப் பதிவு செய்யாதீர்கள். விசா விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் வாங்குமுன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் சரிபார்க்கவும்.

சேமித்துச் செல்லுதல்

விடுமுறைக்காகக் கடன் பெறுவதை, கடன் வழங்கும் நாங்களே பரிந்துரைப்பதில்லை. 10 நாள் பயணத்துக்கு 3 ஆண்டுத் தவணை செலுத்துவது குடும்பத்துக்குச் சுமை. ஓராண்டுக்கு முன்பே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கி மாதம் 10,000 ரூபாய் செலுத்தினால், 1,20,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அத்தொகைக்குள் பயணத்தை அமையுங்கள். போதாவிடில் ஒரு நாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டையும் மறவாதீர்கள்.

ஒதுக்கிய அந்தப் பங்கு செலவாகாமல் வீடு திரும்பினால், அடுத்த பயணத்தின் முதல் தவணையாக அதனையே வைப்பில் இடலாம்.