ஆறு கம்பி – 5: ஜி-க்கு எந்த விரல்?

சி பிடிக்கத் தெரியும், ஜி பிடிக்கத் தெரியும். சி-யிலிருந்து ஜி-க்குப் போகத்தான் தெரியாது. கிடாரைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிற இடம் இது. சென்ற வாரம் படம் போட்டுக் காட்டிய ஆறு கார்டுகளை (ஈ, ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி) மனப்பாடம் செய்ய ஒரு வாரம் தாராளம். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எந்த விரல் என்று படம் சொல்லிவிடும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு விரல்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லாது. பாட்டு நடப்பதோ அந்த வழியில்.

ஈ கார்டைப் பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் ஐந்தாம், நான்காம் கம்பிகளின் இரண்டாவது ஃப்ரெட்டில்; ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில். ஒருமுறை மீட்டுங்கள். இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். ஈ மைனர் வந்துவிட்டது. மாறியது ஒரே ஒரு சுரம். ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கியிருக்கிறது: சங்கராபரணத்துக் காந்தாரம் போய் கரஹரப்பிரியாவின் காந்தாரம் வந்திருக்கிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் முகமே மாறிவிட்டது. சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது நடுவில் இருக்கிற காந்தாரம் எவ்வளவு அதிகாரம் செய்கிறது என்பதைக் கேட்க, இந்த ஒரு விரலை வைத்தும் எடுத்தும் கொஞ்ச நேரம் விளையாடினாலே போதும். கார்டு மாற்றத்தில் முதல் பாடமும் இதுதான். எல்லா விரலையும் தூக்கத் தேவையில்லை.

புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையை முழுக்க எடுத்து, காற்றில் ஒரு கணம் யோசித்து, விரல்களை ஒவ்வொன்றாக இறக்குவார். நேரம் போவது அங்கேதான். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியை விட்டு ஐந்தாம் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குத் தாவினால் போதும். ஈ-யும் ஏ மைனரும் ஒரே வடிவம். மூன்று விரல்களும் சேர்ந்தாற்போல் ஒரு கம்பி கீழே இறங்குகின்றன, அவ்வளவே.

இனி ஜி. இந்த ஒரு கார்டுக்கு எந்த விரல் சரி என்று ஆசிரியர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான்கு விரல் ஜி ஒன்று உண்டு: ஆறாம் கம்பியில் நடுவிரல், ஐந்தாம் கம்பியில் ஆள்காட்டி, இரண்டாம், முதல் கம்பிகளின் மூன்றாவது ஃப்ரெட்டில் மோதிர விரலும் சுண்டுவிரலும். டி கார்டிலும் மோதிர விரல் இரண்டாம் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில்தான் இருக்கிறது. அந்த விரலை எடுக்காமலே ஜி-க்கும் டி-க்கும் போய் வரலாம். ஆனால் சி-யிலிருந்து இந்த ஜி-க்கு வந்தால் பொதுவான விரல் ஒன்றுகூட இல்லை. அதற்கு இன்னொரு ஜி: ஆறாம் கம்பியில் மோதிர விரல், ஐந்தாம் கம்பியில் நடுவிரல், முதல் கம்பியில் சுண்டுவிரல், ஆள்காட்டி விரலுக்கு வேலை இல்லை. சி-யில் நடுவிரலும் மோதிர விரலும் இருக்கிற ஃப்ரெட்டுகளிலேயே ஒரு கம்பி மேலே ஏறினால் இந்த ஜி பாதி வந்துவிடும். சுண்டுவிரலுக்கு முதலில் பலம் இருக்காது, வலிக்கும், திட்டிக்கொண்டே பழகலாம். ஆக, ஜி-க்கு எந்த விரல் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவும் இடது கைக் கதை. பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வலது கை. இடது கை தடுமாறியதும் வலது கை மரியாதையாக நின்று காத்திருக்கும். தாளம் அங்கே அறுந்துவிடும். இதைத் தலைகீழாக்க வேண்டும். இடது கை வந்தாலும் வராவிட்டாலும் வலது கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருக்கட்டும். ஒரு விரல் தாமதமாக வந்தால் கம்பி சற்று மொண்ணையாக ஒலிக்கும். கேட்பவர் அதை மன்னிப்பார். தாளம் நின்றால் மன்னிக்க மாட்டார். தேர்ந்தவர்களின் வாசிப்பை உன்னித்துக் கேளுங்கள். கார்டு மாறுவதற்கு முந்தைய அரைத் தட்டில் பல சமயம் அவர்கள் வெறும் கம்பிகளைத்தான் மீட்டுகிறார்கள். இடது கை அப்போது வழியில் இருக்கிறது.

ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் இணையம் வழியாக உலகம் முழுக்கக் கிடார் சொல்லிக்கொடுப்பவர். அவர் பிரபலமாக்கிய பயிற்சி ஒன்று: இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணுவது. அறுபது வந்தால் அந்த ஜோடி கைவந்துவிட்டது என்பது அவர் கணக்கு. நல்ல பயிற்சிதான். எண்ணிக்கை ஏற வேண்டும் என்ற அவசரத்தில் கம்பியை முரட்டுத்தனமாக அழுத்தும் பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. ஒலி தெளிய ஃப்ரெட்டின் உலோகப் பட்டையை ஒட்டி விரலை வையுங்கள். அங்கே பாதி பலம் போதும்.

சென்ற வாரப் பட்டியலில் எஃப் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். பலர் கிடாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது இந்தக் கார்டில்தான். எஃப் என்பது ஒரு ஃப்ரெட் மேலே நகர்ந்த ஈ. கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்குகிற நட் செய்துகொண்டிருந்த வேலையை ஆள்காட்டி விரல் செய்ய வேண்டும். ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்த வேண்டுமே என்று பயப்படாதீர்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலின் பொறுப்பு ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மட்டுமே. விரலின் சதைப்பக்கத்தை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றுத் திருப்பி எலும்புப் பக்கத்தை வையுங்கள். எஃப் கடினமாக இருப்பதற்கு இடமும் ஒரு காரணம். 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிடாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர், ஐந்தாவது ஃப்ரெட்டுடையது 29. போதாக்குறைக்கு, நட் பக்கத்தில் இருப்பதால் கம்பி வளைந்து கொடுக்காது. அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே அது ஏ கார்டு, எளிதாக வரும். அங்கே பழகிவிட்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள்.

பல நேரம் குற்றம் விரலில் இருக்காது, கிடாரில் இருக்கும். எஃகுக் கம்பி கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. நட்டில் கம்பி உயரமாக இருந்தால் எந்தக் கையும் தோற்கும். மலிவான கிடார்களில் இது சர்வசாதாரணம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து நட்டின் பள்ளங்களை இறக்கச் சொல்லுங்கள்; முதல் கம்பி 0.012 அங்குலமாக இருந்தால் 0.010 செட்டுக்கு மாறுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் போனது கம்பியை அழுத்துகிற வலது கையில். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கிடார் கம்பிகள் கடையில் கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலி பிறந்தது அந்த மெல்லிய கம்பிகளில்.

இந்த வாரப் பயிற்சிக்கு ஒரு பாட்டு. 'இளைய நிலா' கேட்பவர்கள் பொறுக்க வேண்டும். அதில் கம்பிகள் தனித்தனியாகப் பேசுகின்றன, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு எல்லா வீட்டிலும் எல்லாருக்கும் தெரிந்த பிறந்தநாள் பாட்டு. மூன்று மூன்றாக எண்ண வேண்டிய பாட்டு இது. மொத்தம் எட்டுச் சுற்று. ஜி, டி, டி, ஜி, ஜி, பெயர் சொல்லும் இடத்தில் சி, ஏழாவது சுற்றில் ஜி இரண்டு தட்டு, டி ஒரு தட்டு, முடிவில் ஜி. முதல் பாதியில் ஜி-யும் டி-யும் மாறி மாறி வருகின்றன. நான்கு விரல் ஜி அங்கே சுகம். சி வருகிற இடத்தில் மற்ற ஜி சுகம். நடுவில் விரலை மாற்றிக்கொள்வதா, ஒரே ஜி-யிலேயே முழுப் பாட்டையும் ஓட்டுவதா என்பதை உங்கள் கையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பாடுகிறவருக்குச் சுருதி எட்டாமல் போனால் அதற்குக் கேப்போ இருக்கிறது; அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)