பங்குனிப் பனியும் மரக்காணத்து உப்பும்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பங்குனி மாத இரவுகளில் ஒரு குல்பி வண்டி நிற்கும். வண்டிக்காரர் சிவப்புத் துணி சுற்றிய பானைக்குள் ஐஸை உடைத்துப் போட்டு, ஒரு கை கல்லுப்பை அள்ளித் தூவி, பால் நிரப்பிய தகரக் குழல்களை அதில் சொருகி வைத்திருப்பார். உப்பு பக்கத்து மரக்காணத்து உப்பளத்தில் விளைந்தது. மயிலம் முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி எடுத்துவிட்டுத் திரும்பும் கூட்டம்தான் அவருக்குப் பெரிய வியாபாரம். "உப்பு போடலேன்னா பால் பாலாவேதான் சார் இருக்கும்" என்பார்.

அந்த வண்டி முன்னால் நின்றுதான் என் அக்கா மகன் கேட்டான். சென்னையில் மென்பொருள் வேலை, கையில் ஒரு வார லீவு. "மாமா, அடுத்த மார்ச்ல ஸ்னோபோர்டு பழகலாம்னு இருக்கேன். குல்மார்க்கா, ஆலியா, சோலாங்கா?"

மூன்றுமே இமயத்துப் பனிச்சறுக்கு இடங்கள். பதில் பானைக்குள்ளேயே இருந்தது. ஐஸில் உப்பு சேர்ந்தால் அது உருகும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூட. உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே, அதைப் பக்கத்தில் இருக்கும் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பால் உறையும். பனிச்சறுக்குப் போட்டி நடத்துகிறவர்களும் வசந்த காலத்தில் இதைத்தான் செய்கிறார்கள். கூழாகிவிட்ட தடத்தில் உப்பைத் தூவினால் மேலே கொஞ்சம் கரையும், அடியில் இருக்கும் ஈரம் இறுகும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஹூட் மலையில் நடுக்கோடையில்கூடப் பயிற்சி முகாம்கள் உப்பின் தயவில் நடக்கின்றன.

நம் ஊர் மலைகளில் யாரும் உப்புத் தூவப் போவதில்லை. அங்கே அந்த வேலையை இரவு செய்யவேண்டும். அதனால் மார்ச்சில் இடம் தேடுகிறவன் முதலில் பார்க்கவேண்டியது அந்த மலையின் இரவு எப்படி இருக்கும் என்பதை.

புதுப்பனி பஞ்சு மாதிரி. வசந்தத்துப் பனி அப்படியல்ல. பகலில் மேல்தளம் உருகி, நீர் துகள்களுக்கு இடையே இறங்குகிறது. சின்னத் துகள்கள் கரைந்துபோக, பெரியவை இன்னும் பெரிதாகின்றன. இரவில் எல்லாம் ஒட்டி உறைகின்றன. பல நாள் இப்படியே நடந்தால் பனி முழுக்கப் பருக்கை பருக்கையாக மாறிவிடும். ஆங்கிலத்தில் அதைச் சோளப் பனி என்கிறார்கள். மரக்காணத்துக்காரர் பெயர் வைத்திருந்தால் கல்லுப்புப் பனி என்றிருப்பார். விடிகாலையில் அது சிமெண்ட் தரை. மதியம் தாண்டினால் பழைய கூழ். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் மேலே ஓர் அங்குலம் இளகி, கீழே கெட்டியாக நிற்கும். அதற்காகவே வசந்தத்தில் மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரவு தெளிவாக இருந்தால் பனித்தளம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது. காற்று பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் மேல்தளம் உறைந்துவிடும். மேகம் மூடினால் போச்சு, போர்வை போர்த்தின மாதிரி. காலையிலேயே கூழ்தான்.

கூழில் பலகை ஏன் ஓடாது? பலகைக்கு அடியில் மயிரிழையிலும் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் வழுக்கும். நீர் கூடிவிட்டால் இழுத்துப் பிடிக்கும். ஈர மேடையில் கவிழ்த்த எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாருங்கள், அதே பிடிதான். வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகைப் பலகையில் தேய்ப்பது இதற்காக.

அடுத்தது சூரியன். மார்ச் 21 நண்பகலில் ஆல்ப்ஸ் மலைகளில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 44 டிகிரி உயரத்தில் நிற்கும். குல்மார்க்கில் 56. கூட்டேரிப்பட்டில் 78. இமயத்துப் பனி நாம் நினைப்பதைவிட வெயிலுக்கு நெருக்கம். ஐரோப்பாவை மனதில் வைத்து ஏப்ரல் கடைசி என்று திட்டம் போட்டால் ஏமாறவேண்டியதுதான். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. வடக்கு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வெறுங்காலோடு பாறைமேல் ஏறுகிற காவடிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி இடம். சோலாங் சுமார் 2,500 மீட்டர். மார்ச்சில் அங்கே போட்டோ எடுக்கலாம். பலகை ஏறக் காசு செலவழிப்பேனா என்றால் மாட்டேன். உத்தராகண்டின் ஆலி கிட்டத்தட்ட 3,000 மீட்டர் வரை ஏறுகிறது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம், பழகுவதற்கு நல்ல சரிவு. ஆனால் மார்ச் முதல் வாரத்தைத் தாண்டினால் சந்தேகம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து ஆலிக்கு ஏறும் ரோப்காரும் நிறுத்தப்பட்டது. விசாரிக்காமல் கிளம்பக் கூடாது.

குல்மார்க் தரையே சுமார் 2,650 மீட்டர். கொண்டோலா ரோப்கார் 1998இல் கொங்டூரி வரைக்கும், 2005இல் அஃபர்வட் மலைத்தோள் வரைக்கும் வந்தது. மேல்நிலையம் 3,900 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், கீழே 10 டிகிரி என்றால் மேலே ஒன்றோ இரண்டோதான். வசந்தத்தில் இந்த உயரம்தான் காப்பீடு. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனும் காற்றுச்சுழல்கள் மார்ச்சிலும் புதுப்பனியைக் கொட்டும். 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை பிப்ரவரியில் நடத்தப் பனி போதாமல் தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை குல்மார்க்கில் நடத்தினார்கள்.

இதில் ஒரு சிக்கல். புதிதாகப் பழகுகிறவனுக்கு உச்சி ஆகாது. அவனுக்கான சாய்வான புல்வெளி கீழே இருக்கிறது, முதலில் கூழாவதும் அதுதான். பத்து மணிக்கு முன்னால் இறுகிய பனியில் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு வழக்கமாக அடிபடுவது அங்கேதான். ஆகவே பத்து முதல் ஒன்று வரை கீழே, முடிந்தால் இரண்டு நாள் கொங்டூரியில். தடத்தை விட்டு மட்டும் விலகக் கூடாது. 2023 பிப்ரவரியில் அஃபர்வட்டில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். வெயில் ஏறிய பிற்பகலில் ஈரப் பனி பாரம் தாங்காமல் தானாகவே சரியும்.

மார்ச் இரண்டாம் வாரம், குல்மார்க் என்று முடிவாயிற்று. அக்காவுக்குச் சந்தோஷம்: "இந்த வெயிலுக்குத் தப்பிச்சி ஒரு வாரம் குளுகுளுன்னு இருந்துட்டு வரட்டும்." நான் அவனிடம் தனியாகச் சொன்னேன். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் திருப்பி அடிக்கும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரும் கூடும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, இல்லாவிட்டால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும். களிம்பை நெற்றியில் மட்டும் தடவினால் போதாது, தாடைக்கு அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும் தடவு. கூட்டேரிப்பட்டு வெயில் ஒருநாளும் எட்டாத இடமெல்லாம் அங்கே கருகும்.