கல்கத்தா டிராம் வண்டி: குதிரை முதல் மின்சாரம் வரை

நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்கத்தா டிராமில் கால் வைக்காத பெரியவர் யாரும் இருக்க முடியாது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த நம்மவர்களுக்கு ராஷ்பிகாரி அவென்யூ டிராம் வீட்டு வண்டி மாதிரி. எனக்கோ அது கோவிலுக்குப் போகும் வண்டி. பெல்காச்சியாவில் இருக்கும் திகம்பர ஜைன பார்சுவநாதர் ஆலயத்துக்கு ஞாயிறுதோறும் டிராமில்தான் போவேன். அவசரமில்லாத வண்டி, மனசுக்குள் பாராயணம் முடிவதற்கும் பெல்காச்சியா வருவதற்கும் சரியாக இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை ஓடியது. இழுத்தவை குதிரைகள். தூரம் 4 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. போதிய ஆட்கள் ஏறவில்லை. அதே வருஷம் நவம்பர் 20-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி வந்தது. 1880 நவம்பர் 1 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு புதுப் பாதையைத் திறந்துவைத்தார். 1882-ல் நீராவி எஞ்சினும் வைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் குதிரைதான் நிலைத்தது.

இங்கே ஒரு கணக்கு. 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது கம்பெனியிடம் 166 வண்டிகள், 1,000 குதிரைகள், 19 மைல் தண்டவாளம். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். வண்டிக்கு 6 குதிரை! ஒரு நேரத்தில் வண்டியை இழுப்பது ஒரு ஜோடிதான். மற்றவை முறை மாற்றிப் பூட்டுவதற்கும், களைத்ததும் நோயில் விழுந்ததும் போக மிச்சத்துக்கும். இவற்றில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த 'வேலர்' ஜாதிக் குதிரைகள். கல்கத்தாவின் சித்திரை, வைகாசி வெயில் நமக்கே தாங்காது; குளிர்ந்த புல்வெளியில் வளர்ந்த ஜீவன் ஜனம் நிரம்பிய இரும்பு வண்டியை எப்படி இழுத்திருக்கும்? பல குதிரைகள் வெப்பத்தில் செத்து விழுந்தன. டிராம் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜீவகாருண்யம் கேட்டு வளர்ந்த எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை.

1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. அதைத் தொடர்ந்த சில வருஷங்களில் குதிரைகளுக்கு விடுதலை. நம் சென்னை இந்த விஷயத்தில் முந்தி; அங்கே 1895-லேயே மின்சார டிராம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதலாவதாக.

ஆனால் 1953-ஐப் பாருங்கள். அந்த ஏப்ரலில் சென்னை டிராம் கம்பெனி நஷ்டத்தில் முழுகி, வண்டிகள் ஒரேயடியாக நின்றுபோயின. அதே ஜூலையில் கல்கத்தாவில், அப்போதும் ஆங்கிலேயர் கையிலிருந்த கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் காலணா. அந்தக் காலணாவுக்கு ஊரே தெருவில் இறங்கியது. மறியல், தடியடி, துப்பாக்கிச் சூடு. கடைசியில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. காலணாவா பெரிசு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். முன்பெட்டி முதல் வகுப்பு, அதில் மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, அதில் கிடையாது. பின்பெட்டியில் போனவர்கள் தினமும் இரண்டு வேளை அந்தக் காலணாவைக் கொடுக்க வேண்டியவர்கள். நானும் வந்த புதிதில் பின்பெட்டிக்காரன்தான்.

1967-ல் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976-ல் கம்பெனியே அரசுடைமை ஆனது. அதற்குப் பிறகு தேய்பிறை. 1943-ல் திறந்த ஹௌரா பாலத்தின் மேல் முதலில் போனது ஒரு டிராம். பாரம் தாங்காது என்று 1993-ல் பாலத்தில் டிராமை நிறுத்தினார்கள். 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அது ஹூக்ளி நதிக்கு அடியிலேயே போயிற்று. அதே வருஷம் செப்டம்பரில், போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, எஸ்பிளனேடு – மைதானம் பாதை தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். டிராம் அன்பர்கள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

நெரிசல் பொய்யில்லை. ஆனால் புகை விடாத, பெட்ரோல் குடிக்காத வண்டியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு கார் நிற்பதற்கு அந்த இடத்தைக் கொடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பெல்காச்சியா டிராம் ஏற்கனவே நின்றுபோய்விட்டது. இப்போது மெட்ரோவில் போகிறேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்; பாராயணம்தான் பாதியில் நிற்கிறது. மிச்சத்தை ஆலயத்துப் படியில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிறேன்.