விரத நாட்களுக்குரிய வள்ளிக்கிழங்கு இனிப்பும் அதற்கான சாகுபடியும்

ஏகாதசி, சிவராத்திரி முதலிய விரத தினங்களில் அன்னத்தை விலக்கி, கிழங்கு, கனி, பால் முதலியவற்றை மட்டும் உட்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தானியங்களை நீக்க வேண்டுமென்பதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் விதியாதலால், அத்தினங்களில் கிழங்கு வகைகளுக்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது. அவற்றுள் சமைப்பதற்கு எளியதும், இயற்கையாகவே இனிப்புடையதும், சிறு குடும்பத்தாரும் வாங்கத்தக்கதும் சர்க்கரைவள்ளிக் கிழங்கேயாகும். இக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களில் தோன்றியது. போர்த்துக்கேசியர் காலத்தில் இந்நாட்டிற்கு வந்ததாகக் கூறுவர். அந்நிய நாட்டிலிருந்து வந்த ஒரு கொடி, தானியமன்று என்ற ஒரே காரணத்தால், நம் விரத உணவில் முதலிடம் பெற்றுவிட்டது.

ஆயினும், விரத நாளன்று மாலையில் அடுப்பிலேற்றிய கிழங்கிலிருந்து கெட்ட வாடை எழுவதும், ஒரே ஒரு துண்டின் கசப்பினால் பாத்திரம் முழுவதும் வீணாவதும் பல வீடுகளில் நேரிடுகின்றன. நாள் முழுவதும் பட்டினியிருந்த முதியோருக்கும் சிறுவருக்கும் அவ்வேளையில் மாற்று உணவு கிடையாது. அடுத்த விரதத்துக்கு அவ்வீட்டார் கிழங்கை விடுத்து வேறொன்றை நாடுவர். இதனால் நஷ்டமடைபவர் குடியானவரே. இக்குற்றம் சமையலறையில் உண்டாவதன்று. விரத நாளின் இனிப்பு, நான்கு மாதங்களுக்கு முன்னரே வயலில் நிர்ணயமாகிவிடுகிறது. இதனை விளக்கும் பொருட்டு, முதலில் பண்டத்தின் செய்முறையும், பின்னர் அதற்கு உகந்த கிழங்கைப் பயிராக்கும் முறையும் கீழே கூறப்படுகின்றன.

செய்முறை

சர்க்கரைவள்ளிக் கிழங்கு 1 கிலோ, வெல்லம் 150 கிராம், தேங்காய் அரை மூடி, ஏலக்காய் 4, நெய் 2 தேக்கரண்டி ஆகியவை போதுமானவை. நடுத்தரப் பருமனுள்ள கிழங்குகளைத் தெரிந்தெடுத்து, மண் போகக் கழுவி, தோலுடன் முழுதாகவே ஆவியில் வேகவைக்க வேண்டும். அடுப்பு மெதுவாக எரிய வேண்டும். வெந்த பின் தோலை உரித்து, விரற்கடை கனமுள்ள வில்லைகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். வெல்லத்தை அரைத் தம்ளர் நீரில் கரைத்து, மணலும் தூசியும் போக வடிகட்டி, அடுப்பில் வைத்துச் சிறிது இறுகவிட வேண்டும். அதில் வில்லைகளை இட்டு, உடையாமல் புரட்டி, பாகு கிழங்கில் ஊறிப் பற்றியதும் துருவிய தேங்காயையும் ஏலப்பொடியையும் நெய்யையும் சேர்த்து இறக்கிவிடலாம். உப்பு வேண்டுவதில்லை, ஆகையால் உப்பையும் விலக்கும் விரதத்தாருக்கும் இது ஏற்றது. நீரிழிவு உடையவர்கள் விரதமிருப்பது பற்றியும் இப்பண்டத்தின் அளவு பற்றியும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெல்லம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணமுண்டு. பச்சைக் கிழங்கில் மாவுப்பொருளே அதிகம். சூடு மெதுவாக ஏறும்போது, கிழங்கிலேயே அமைந்துள்ள ஒரு நொதிப்பொருள் அம்மாவின் ஒரு பகுதியை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. தீயைக் கடுமையாக எரித்தால் அந்நொதிப்பொருள் விரைவில் கெட்டு, இனிப்பு குறைகிறது. சிறு துண்டுகளாக அரிந்து மிகுதியான நீரில் கொதிக்கவைத்தால், உண்டான சர்க்கரையும் நீரோடு போய்விடும். முழுக் கிழங்கை மெல்லிய தீயில் ஆவியில் அவிப்பது இதனாலேயே சிறந்தது.

கசப்பின் காரணம்

கிழங்கு கசப்பதற்கு முக்கியமான காரணம் கூன்வண்டு. இது எறும்பைப் போன்ற தோற்றமுடையது. தலையும் இறக்கைகளும் கருநீல நிறமாகவும், மார்பும் கால்களும் செந்நிறமாகவும் இருக்கும். தாய்வண்டு கொடியின் அடிப்பாகத்திலும், மண்வெடிப்பின் வழியாக எட்டக்கூடிய கிழங்கிலும் முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் கால்களற்ற வெண்ணிறப் புழு கிழங்கைக் குடைந்து செல்கிறது. குடையப்பட்ட கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒருவிதக் கசப்புப் பொருளை உண்டாக்குகிறது. துளை சிறியதாயினும் கசப்பு சுற்றிலும் பரவுகிறது. வேகவைப்பதாலும் வெல்லம் சேர்ப்பதாலும் அது நீங்குவதில்லை. இத்தகைய கிழங்கை மனிதர் உண்ணலாகாது. பூசணம் பூத்து அழுகிய கிழங்கை மாடுகளுக்கு இடுவதும் ஆபத்தானது. அது மாடுகளின் நுரையீரலைப் பாதித்து மூச்சுத்திணறலை உண்டாக்கக் கூடும். நோயற்ற பசுங்கொடியோ நல்ல தீவனமாகும்.

நாளை எண்ணி நடுதல்

பிற பயிர்களுக்குச் சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது நிச்சயமில்லை. விரத நாளோ பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்னரே குறிக்கப்பட்டுள்ளது. விரதம் முடிந்த மறுநாள் கிழங்குக்கு அதே கிராக்கி இருப்பதில்லை. ஆகையால் குடியானவர் விரத நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். பெரும்பாலான ரகங்கள் முற்றுவதற்கு 105 முதல் 120 நாட்கள் செல்லும். தோண்டிய கிழங்கைப் பதப்படுத்தவும் சந்தை சேர்க்கவும் ஏறக்குறைய 10 நாட்கள் வேண்டும். ஆக, நான்கு மாதங்கள் என்று கொள்வது பொருத்தமாகும். மார்கழி வைகுண்ட ஏகாதசிக்கு ஆவணியிலும், மாசி மகா சிவராத்திரிக்கு ஐப்பசியிலும் கொடி நடப்பட வேண்டும்.

இவ்விரு பயிர்களுக்கும் நேரிடக்கூடிய ஆபத்து ஒன்றல்ல. ஆவணியில் நட்ட பயிர், கிழங்கு பருக்கும் காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைச் சந்திக்கிறது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகையால் அதற்கு மேட்டுப்பாங்கான, வடிகால் உள்ள நிலமே ஏற்றது. ஐப்பசியில் நட்ட பயிர் மழையில் வேரூன்றினாலும், தை, மாசியில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது முற்றுகிறது. அவ்வெடிப்புகளே கூன்வண்டு புகும் வாயில்கள். எனவே முன்னதற்கு வடிகாலும், பின்னதற்கு வெடிப்பை மூடுதலும் முதன்மையான வேலைகளாம். ஒரு பயிருக்குரிய கவனத்தை மற்றொன்றுக்குச் செலுத்தி நஷ்டமடைதல் கூடாது.

பயிர் முறை

இருபொறை நிலமும் செம்மண் கலந்த மணற்பாங்கான நிலமும் இப்பயிருக்கு நல்லவை. நிலத்தை நன்கு உழுது, மக்கிய தொழுவுரம் இட்டு, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார்கள் அமைக்க வேண்டும். பாரின்மேல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கொடித்துண்டுகளை நடலாம். இக்கணக்கின்படி ஏக்கருக்கு ஏறக்குறைய 33,000 துண்டுகள் தேவைப்படும். துண்டுகள் நோயற்ற கொடியின் நுனிப்பாகத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். கொடியின் அடிப்பாகத்தில் புழு இருக்கக்கூடுமாதலால், அதனை நடுவது வண்டைத் தன் கையாலேயே வயலுக்குக் கொண்டு வருவதற்கு ஒப்பாகும். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் கொடி செழித்தோடுமேயன்றிக் கிழங்கு பருக்காது. சாம்பல்சத்து கிழங்கின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. மண் பரிசோதனை செய்து, அதற்கேற்ப உரமிடுவது சிக்கனமான முறையாகும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீ கனகா, பூ சோனா முதலிய செம்மஞ்சள் சதையுள்ள ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் பொருள் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்ணுக்கு நன்மை பயப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இவை சிறந்தவை. பொதுவாக வெண்ணிறச் சதையுள்ள கிழங்கு மாவுத்தன்மை மிகுந்து, பாகில் வில்லை உடையாமல் நிற்கும். செம்மஞ்சள் கிழங்கு குழைந்து போகுமாகையால், அதனை மசித்துப் பாகுடன் கிளறுவது நல்லது.

நட்ட ஒரு மாதத்திலும் இரண்டாம் மாதத்திலும் களையெடுத்து மண் அணைக்க வேண்டும். கிழங்கு வெளியே தெரியும் இடங்களிலும் நிலம் வெடித்த இடங்களிலும் உடனே மண்ணால் மூட வேண்டும். நீர் வசதியுள்ளவர்கள் கடைசி மாதத்தில் நிலம் வெடிக்காதபடி சிறு பாய்ச்சல் கொடுப்பது நலம். ஆண் வண்டுகளைக் கவரும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் உபயோகத்திலுள்ளன. அவை கிடையாத இடத்தில், கிழங்குத் துண்டுகளை வயலில் ஆங்காங்கே வைத்து, அவற்றில் வந்து கூடும் வண்டுகளைச் சேகரித்து அழித்து, துண்டுகளைப் புதுப்பித்து வரலாம். வைத்த துண்டுகளை எடுக்க மறந்தால், அவையே வண்டு பெருகும் இடமாகிவிடும்.

அறுவடையும் பதப்படுத்தலும்

இலைகள் பழுக்கத் தொடங்கியதும், இரண்டொரு கிழங்கைத் தோண்டி வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டுவாய் நிறம் மாறாமல் உலர்ந்தால் கிழங்கு முற்றியது என்றும், கரும்பச்சையாக மாறினால் இன்னும் முற்றவில்லை என்றும் அறியலாம். முற்றிய பின்னர் விலையை எதிர்பார்த்து வயலிலேயே விட்டுவைப்பது பெருந்தவறு. ஒவ்வொரு வாரத் தாமதமும் கூன்வண்டுக்கு அளிக்கும் தவணையாகும்.

மண்வெட்டி படாமல் தோண்டி, துளையுள்ளவற்றையும் வெட்டுப்பட்டவற்றையும் வயலிலேயே பிரித்துவிட வேண்டும். துளையுள்ள கிழங்கு ஒன்றை நல்லவற்றுடன் வைத்தால், குவியலிலும் வண்டு பெருகும். நல்ல கிழங்குகளைக் கழுவாமல், நிழலான அறையில் குவித்து, வைக்கோலால் மூடி, 4 முதல் 7 நாட்கள் வைத்திருத்தல் வேண்டும். வெப்பமும் ஈரக்கசிவும் உள்ள இந்நிலையில் தோலின் சிறு காயங்கள் ஆறுகின்றன. மேலும் சில நாட்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் இருந்தால் மாவின் ஒரு பகுதி சர்க்கரையாகி, இனிப்பு மிகுகிறது. அன்று தோண்டி அன்றே விற்கும் கிழங்கைவிடப் பதப்படுத்திய கிழங்கு சுவையுடையதாயிருப்பதை வாங்குவோர் தாமே உணர்வர். பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாகாது. மிகுந்த குளிரினால் அதன் நடுப்பாகம் கெட்டு, வேகாமல் கட்டியாக நிற்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

கூன்வண்டு வரப்பை மதிப்பதில்லை. ஒருவர் தம் வயலைச் சுத்தமாக வைத்திருந்தும், அடுத்த வயலில் அறுவடைக்குப் பின் கிடக்கும் கொடிகளிலும் தூர்க்கிழங்குகளிலும் வண்டு பெருகினால், அவர் பட்ட பாடு வீணாகும். ஆகையால் அறுவடை முடிந்த ஒரு வாரத்திற்குள் கழிவுக் கிழங்குகளையும் அடித்தூர்களையும் ஊரார் யாவரும் ஒருங்கே திரட்டி அழிக்கும்படி கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் ஏற்பாடு செய்வது அவசியம். வாய்க்கால் ஓரங்களில் படரும், இதே இனத்தைச் சேர்ந்த காட்டுக் கொடிகளையும் நீக்க வேண்டும். ஒரே நிலத்தில் அடுத்தடுத்து வள்ளியை நடாமல், வசதியுள்ள இடங்களில் நெல்லை மாற்றுப்பயிராகச் செய்து நீர் கட்டினால், மண்ணில் தங்கிய வண்டுகள் குறையும். நோயற்ற கொடிக்காக ஊருக்கு ஒரு சிறு நாற்றங்கால், வள்ளி வயல்களிலிருந்து விலகிய இடத்தில் அமைத்துக்கொள்வது எல்லோருக்கும் இலாபகரமானது.

விரதமிருப்பவர் கிழங்கைச் சந்தையில் வாங்கும்போது அதன் உள்ளே உள்ளதைக் காண முடியாது. விற்பவரின் சொல்லை நம்பியே வாங்குகிறார். அந்நம்பிக்கையை ஓர் ஊரார் ஒருமுறை பெற்றுவிட்டால், அடுத்த ஆண்டின் விரதத்துக்கும் அவ்வூர்க் கிழங்கையே மக்கள் கேட்டு வாங்குவர். ஆகவே இவ்வாண்டு மாசிக்குக் கிழங்கு விற்க எண்ணும் குடியானவர்கள், ஐப்பசி வரும்வரை காத்திராமல், வடிகாலையும் நாற்றங்கால் கொடியையும் இப்போதே கவனிப்பார்களாக.